ஏட்டில் ஏறாத உழைப்பு

மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் ரேணிகுண்டாவைக் கடந்து அரக்கோணம் நோக்கித் திரும்பியதும் புத்தூர், ஏகாம்பரக்குப்பம் என்னும் சிறு நிலையங்கள் வருகின்றன. ஊர் நெருங்கிற்று என்று நேயர்கள் மூட்டை முடிச்சுக்களைக் கட்டத் தொடங்கும் இடம் அது. ஏகாம்பரக்குப்பமே நகரிக்குரிய நிலையம். 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோதும், 1960-ல் திருத்தணி சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்து எல்லை மாறிய பின்னரும், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய நெசவூர்கள் இவை.

நெசவாளர் என்றதும் தறியில் அமர்ந்த ஆடவனே நம் மனக்கண்ணில் தோன்றுகிறான். அவன் கையில் நாடா ஓடுவதற்கு முன் சிக்கெடுத்து நூலைப் பிரிக்க வேண்டும்; ராட்டையில் தார் சுற்ற வேண்டும்; பாவுக்குக் கஞ்சியிட்டு, தெருவில் நீட்டிக் காயவைத்து, இழைக்கு இழை பிணைக்க வேண்டும். இவற்றிற் பெரும்பகுதி, உலை கொதிக்கும் இடைவேளையிற் பெண்கள் செய்து வந்தவை. கூலியோ நெய்து முடித்த துணிக்கு, அதுவும் தறிக்காரன் பெயரில். மழை பெய்தாற் பாவு காயாது. அன்று கூலியும் இல்லை.

சட்டம் இவ்வீடுகளின் வாயிலோடு நின்றுவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்துக்கு வீடு தொழிற்சாலையாக இருந்ததில்லை. சம ஊதியம் பற்றி ஜினீவாவில் 1951-ல் உருவான உடன்படிக்கையை இந்தியா 1958-ல் ஏற்றது. அதற்கான சட்டம் 1976-ல் வந்தது. ஒரே தன்மையான வேலைக்கு இருபாலாருக்கும் ஒரே ஊதியம் என்றது அது. தனிக் கூலியே இல்லாதவளுக்கு எதனோடு எதனைச் சமன் செய்வது?

குடிக்கணக்கும் அவளை விட்டுவிட்டது. 1961-ல் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உழைப்பவர் எனப் பதிவாயினர். முக்கிய வேலை எது என்று 1971-ல் கேட்டார்கள். வீட்டுவேலை என்று விடை சொன்னவள், தார் சுற்றிய கையோடு சொல்லியிருந்தாலும், உழைக்காதோர் பட்டியலிற் சேர்ந்தாள். விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக உழைப்போரை 1981-ல் தனியே பிரித்தனர். அவர்களைக் 'குறுந்தொழிலாளர்' என்று பெயர்த்தெழுதியவர்களில் நாமும் உண்டு. எழுதும்போது பேனா சற்றே தயங்கியதும் உண்டு. ஊதியமின்றிக் குடும்பத் தொழிலிற் செய்யும் வேலையும் வேலையே என்று கேள்வித்தாளிலேயே குறிக்க 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. கைத்தறித் தொழிலுக்கென்றே 2019-20-ல் எடுத்த கணக்கில் நாடெங்கும் சுமார் 35 லட்சம் பேர்; அவருள் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெண்கள்!

நம் மேசைக்கு அடிக்கடி வரும் மற்றொரு சொல் 'மதிப்பூதியம்'. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிப் பெண்களுக்குத் தருவது சம்பளமன்று, மதிப்பூதியம். அவர்கள் தொண்டர்கள் என்பது கொள்கை. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஊதிய உயர்வு கேட்டு, ஆந்திரப் பிரதேச அங்கன்வாடிப் பெண்கள் 42 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் நடுவே, 2024 ஜனவரியில், மாநில அரசு அவர்கள் மீது அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைப் பிரயோகித்தது.