சமூக ஜனநாயகம்
முதலாளியத்தைப் புரட்சியால் கவிழ்க்காமல், வாக்குரிமை, சட்டம், தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழியே சமத்துவத்தை எட்ட முயலும் அரசியல் கொள்கை. இப்பெயர் முதலில் மார்க்சியரையும் குறித்தது. லெனினின் கட்சியே 1918 வரை இதைத் தாங்கியிருந்தது.

இதன் தாய்மண் ஜெர்மனி. லாசால் 1863-இல் லைப்சிக்கில் தொடங்கிய தொழிலாளர் சங்கமும், பேபலும் லீப்க்னெக்டும் 1869-இல் அமைத்த கட்சியும் 1875-இல் கோத்தா நகரில் ஒரே கட்சியாக இணைந்தன. தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கட்சிக்கு எதிராகக் கொண்டுவந்த அடக்குமுறைச் சட்டம் 1878 முதல் 1890 வரை நீடித்தும் கட்சியின் வாக்குகள் பெருகவே செய்தன. முதலாளியம் தானாகச் சரியும் என்ற எதிர்பார்ப்பை 1899-இல் கட்சியின் கோட்பாட்டாளர் பெர்ன்ஸ்டைன் கேள்விக்குள்ளாக்கிச் சீர்திருத்தப் பாதையை முன்வைத்தார். கட்சியின் புரட்சிப் பிரிவைச் சேர்ந்த ரோசா லக்சம்பர்க் அதைக் கடுமையாக மறுத்தார். 1914-இல் முதல் உலகப் போருக்கான கடனுக்கு ஆதரவளித்தது கட்சியின் பெரும் சறுக்கல். பின்னர் கட்சி பிளந்தது.

ஜெர்மன் கட்சியின் மிக உயர்ந்த தருணம் 1933 மார்ச் 23. ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, கம்யூனிஸ்டுகள் ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்த நாடாளுமன்ற அவையில், நாஜிப் படையினர் சூழ்ந்து நிற்க, கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவையிலிருந்த 94 சமூக ஜனநாயகவாதிகளும் எதிர்த்தே வாக்களித்தனர், வேறெவரும் எதிர்க்கவில்லை.

சுவீடனில் 1932-இல் ஆட்சிக்கு வந்த பெர் ஆல்பின் ஹான்சன், நாடே மக்களின் இல்லம் என்ற கருத்தை நலத்திட்டங்களாக்கினார். ஜெர்மன் கட்சி 1959-இல் கோடஸ்பெர்க் மாநாட்டில் மார்க்சியத்தைக் கைவிட்டுச் சந்தைப் பொருளாதாரத்தை ஏற்றது.