ரப்பர் விலையின் படிக்கட்டு

ஒரே சார்புக்கு ஒவ்வோர் இடைவெளியிலும் வேறு வேறு விதி இருந்தால் அது துண்டுவாரிச் சார்பு. சுங்கை பட்டாணியை அடுத்த பாக்கார் ஆராங் வட்டாரம் உட்பட, மலாயாப் பால்மரக் காடுகளின் பிழைப்பு 1920-களில் அப்படியொரு சார்பின் பிடியில் இருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையிலான குழு வகுத்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு 1922 நவம்பர் 1-இல் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. 1920-ஆம் ஆண்டு விளைச்சலை வைத்து அளவு குறித்து, அதில் 60 விழுக்காட்டை மட்டும் குறைந்த வரியில் அனுப்பவிட்டார்கள். அதற்கு மேல் போனால் வரி ஏறும்.

அடுத்த காலாண்டில் அப்படி அனுப்பக்கூடிய விழுக்காட்டை லண்டன் சராசரி விலை தீர்மானித்தது. விழுக்காடு 60-இல் நின்றபோது, ஒரு ராத்தலின் விலை 12 பென்ஸுக்குக் கீழே போனால் அதில் 5 புள்ளி குறையும். 12 முதல் 15-க்குள் என்றால் மாற்றமில்லை. 15-ஐத் தொட்டால் 5 புள்ளி, 18-ஐத் தொட்டால் 10 புள்ளி கூடும்.

இதை வரைய, கிடை அச்சில் விலையையும் நிலை அச்சில் மாற்றத்தையும் குறிக்க வேண்டும். கிடைப்பது நான்கு கிடைக்கோடுகள். 15-இல் தொடங்கும் கோட்டின் இடது முனையில் நிரப்பிய புள்ளி. 15 அதற்கே சொந்தம். கீழ்ப்படியின் வலது முனையில் வெற்று வட்டம். கீழ்ப்படியின் இடது முனையையும் அந்த நிரப்பிய புள்ளியையும் சாய்கோட்டால் இணைப்பதே மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை. இணைத்தால் 13½ பென்ஸுக்கு 2½ புள்ளி கிடைப்பதாகிவிடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 14¾ பென்ஸ் எதையும் அசைக்காது. கால் பென்ஸ் கூடினால் மலாயா முழுவதும் கூடுதலாகப் பால் வெட்டலாம்.

இந்த வரைபடத்தின் உண்மையான குறை கடைசித் துண்டில் இருக்கிறது. 18 பென்ஸுக்கு மேல் அது வலப்பக்கம் முடிவின்றிக் கிடையாகவே ஓடுகிறது. 1925-இல் விலை 4 ஷில்லிங்கை, அதாவது 48 பென்ஸைத் தாண்டியது. அப்போதும் விதி காட்டிய உயர்வு அதே 10 புள்ளிதான். தேவை மலையாக ஏற, வரத்து ஒரு படியாகத்தான் ஏறியது. மலாக்கா நீரிணைக்கு அப்பால், கட்டுப்பாட்டில் சேராத டச்சு சுமாத்திராவின் சிறுதோட்டக்காரர்கள் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனம் சொந்தமாக ரப்பர் பயிரிட 1926-இல் லைபீரியாவில் நிலம் எடுத்தது.

1928 நவம்பர் 1-இல் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.