வயல்ல வேலை அவருக்கு, நிலம் யார் பேர்ல? கிராமப் பெண்களுக்குப் பயிற்சி மட்டும் போதுமா?

ட்ரோன் இயக்க 15 நாள் பயிற்சி. மத்திய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் தேர்வாகும் சுய உதவிக் குழுப் பெண் அதை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார். குழு வாங்கும் ட்ரோனுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அக்கம்பக்கத்து வயல்களுக்கு உரமும் பூச்சிமருந்தும் தெளித்துக் கொடுத்து வாடகை வாங்கலாம். 15,000 குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பது 2023-ல் அறிவிக்கப்பட்ட இலக்கு.

நல்ல திட்டம்தான். ஆனா அதே பெண் சொந்த வயலுக்குப் பயிர்க்கடன் கேட்டு வங்கிக்குப் போனால், அங்கே முதலில் வரும் கேள்வி: "நிலம் யார் பேர்ல இருக்கு?"

பெரும்பாலான வீடுகளில் கணவர் பேர்ல, இல்லைன்னா மாமனார் பேர்ல. கிராமப் பெண்களுக்கான படிப்பு, வேளாண் பயிற்சி, தொழில் பயிற்சி எல்லாமே கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

வயலில் எத்தனை பேர், ஆவணத்தில் எத்தனை பேர்?

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கிராமங்களில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு சுமார் 77 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆண்களில் அது சுமார் 49. ஆண்கள் கட்டட வேலைக்கும் நகரத்துக்கும் நகர நகர, வயல் பெண்கள் கைக்கு வருகிறது.

இப்போ இன்னொரு கணக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், பெண்கள் பொறுப்பில் சாகுபடியாகும் பண்ணைகள் சுமார் 14 சதவீதம் மட்டுமே. பரப்பளவில் பார்த்தால் 12 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதுவும் சாகுபடிக்கு யார் பொறுப்பு என்ற கணக்குதான். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கு இல்லை.

நாற்று நடுவது, களை எடுப்பது, அறுவடை, விதை பாதுகாப்பது, மாட்டைக் கவனிப்பது என்று எல்லாம் செய்தாலும், ஆவணத்தில் அவர் 'விவசாயி' இல்லை.

பேர் இல்லைன்னா என்ன நஷ்டம்?

பிஎம்-கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான் வரும். நில ஆவணத்தில் பேர் இருப்பவரின் கணக்கில்தான் விழும். குத்தகைக்கு உழுபவருக்குக் கிடையாது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நெல், கோதுமை விற்கப் பதிவு செய்யும்போது பல மாநிலங்களில் நில விவரம் கேட்கிறார்கள். கிசான் கிரெடிட் கார்டு விதிகளில் வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு. ஆனா கையில் ஒரு காகிதமும் இல்லாதவரை வங்கிகள் எளிதில் நம்புவதில்லை.

கணவர் இறந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. மகாராஷ்டிராவில் 'சாத்-பாரா' (7/12) என்ற ஆவணம்தான் நம்ம ஊர் பட்டா, அடங்கல் மாதிரி. கடன் சுமையில் கணவரை இழந்த விதர்பா பெண்கள் அதில் தங்கள் பேரைச் சேர்க்கவே கணவர் வீட்டாரிடமும் வருவாய் அலுவலகத்திலும் போராட வேண்டியிருக்கிறது. பேர் ஏறும்வரை அந்த நிலத்தின் மேல் புதுக் கடனும் இல்லை, நிவாரணமும் எளிதில் இல்லை.

சட்டம் பெண்ணுக்குச் சாதகமாத்தானே இருக்கு?

ஏட்டில் பெருமளவு ஆமாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் வந்த திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்தது. தமிழ்நாடு இதை 1989-லேயே, சில வரம்புகளோடு, செய்துவிட்டது. சட்டம் அமலான 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆனா விவசாய நிலம் என்று வந்தால் மாநிலச் சட்டங்கள் குறுக்கே வரும். உத்தரப் பிரதேசத்தின் 2006 வருவாய்ச் சட்டத்தொகுப்பு, வாரிசு வரிசையில் திருமணமான மகளை மனைவி, மகன், திருமணமாகாத மகள், பெற்றோர் எல்லோருக்கும் பின்னால் வைத்தது.

சட்டத்தைவிட வலுவானது வழக்கம். ராஜஸ்தானில் 'ஹக் தியாக்' என்று ஒன்று உண்டு. தன் பங்கு வேண்டாம் என்று சகோதரி எழுதிக் கொடுப்பது. நம்ம பக்கம் விடுதலைப் பத்திரம். கையெழுத்துப் போடலைன்னா பிறந்த வீட்டு வாசல் அடைபடுமோ என்ற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அப்போ படிப்பும் பயிற்சியும் வீணா?

இல்லை. தடை எதுவோ அதைச் சரியாக உடைத்தால் பலன் நிச்சயம். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். அங்கே தடை, பள்ளியின் தூரம். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் மாணவிகள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது; ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது.

தொழில் பயிற்சிக்கு வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கர்நாடகாவின் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய மாதிரி அது. தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசமாகத் தையல், பால்பண்ணை, காளான் வளர்ப்பு கற்கலாம். ஆனா மாடு வாங்கவும் கொட்டகை போடவும் முதல் வேண்டும். அப்போ மறுபடியும் அதே கேள்வி: சொத்து யார் பேர்ல?

சொந்த நிலம் இல்லாமலே விவசாயி ஆக முடியுமா?

கேரளாவின் குடும்பஸ்ரீ இதற்கு ஒரு வழி காட்டியது. 1998-ல் தொடங்கிய இந்த அமைப்பில் நான்கு முதல் பத்துப் பெண்கள் கூட்டாக நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கிக் கடன் வாங்கி நெல், வாழை, காய்கறி போடுகிறார்கள். பொருளாதார அறிஞர் பினா அகர்வால் இந்தக் குழுக்களைத் தனிநபர் பண்ணைகளோடு ஒப்பிட்டார். ஒரு ஹெக்டேருக்கான ஆண்டு விளைச்சல் மதிப்பு குழுக்களில் 1.8 மடங்கு இருந்தது. தெலங்கானா பெண்கள் குழுக்களில் விளைச்சல் குறைவு. ஆனா கூலிச் செலவு மிச்சமானதால் நிகர வருமானம் தனிநபர் பண்ணைகளுக்குச் சமமாக வந்தது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகையை அனுமதிப்பதில்லை. அதனால் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். மண்ணைப் பண்படுத்தி முடித்ததும் உரிமையாளர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் பெண்களிடம் காட்ட ஆவணம் இருக்காது.

அரசு என்ன செய்யலாம்?

மகாராஷ்டிராவில் ஷரத் ஜோஷியின் விவசாயிகள் சங்கம் 'லக்ஷ்மி முக்தி' என்ற இயக்கம் நடத்தி, மனைவி பேருக்கு நிலம் எழுதிவைக்கக் கணவர்களைக் கேட்டது. 2006 வன உரிமைச் சட்டம் இன்னும் தெளிவு: திருமணமானவர் என்றால் உரிமைப் பட்டா இருவர் பேரிலும் இருக்க வேண்டும். ஜார்க்கண்ட் 2017-ல் பெண்கள் பேரில் பதிவுக்கு 1 ரூபாய் என்று அறிவித்தது. வருவாய் இழப்பைச் சொல்லி 2020-ல் நிறுத்தியது.

நிலம் இருக்கோ இல்லையோ, விவசாயம் செய்யும் பெண்ணுக்கு ஊராட்சி மூலம் 'பெண் விவசாயி' சான்றிதழ் தரலாம் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் 2012-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இன்றைக்கும் பொருந்துகிற யோசனை அது.

வீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

- வீட்டில் ஒருவர் இறந்தால், வாரிசுச் சான்றிதழிலும் நில ஆவணப் பெயர் மாற்றத்திலும் மனைவி, மகள்கள் எல்லோர் பேரும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.
- விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவானதும் திரும்பப் பெறுவது கஷ்டம்.
- அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை அவர் உயில் மூலம் யாருக்கும் எழுதலாம். உயில் இல்லைன்னா மகளுக்கும் சம பங்கு.
- வழக்கு நடத்தப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு.
- குத்தகை நிலம் என்றால் தனியாக அலையாமல் குழுவாகக் கடன் கேளுங்கள். கூட்டுப் பொறுப்புக் குழுக்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு விதிகளில் இடம் இருக்கிறது.