பெரம்பலூர்ல பேஷன் ஃப்ரூட் ஏன் கிடைக்க மாட்டேங்குது? ஒரு நீண்ட த்ரெட்

"டாக்டர், பேஷன் ஃப்ரூட் உடம்புக்கு ரொம்ப நல்லதாமே, நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஃப்ரெஷ்ஷா எங்கே கிடைக்கும்?" இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு கடைப் பேரைச் சொல்லி முடிச்சிடலாம்னு பார்த்தா, எப்பப் போனாலும் இருக்கும்னு நம்பிச் சொல்ற மாதிரி ஒரு கடை நம்ம பக்கம் இல்லை. ஏன் இல்லைங்கிறதுக்குப் பின்னாடி நானூறு வருஷக் கதை இருக்கு. நடுவில் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கையும் வரும், அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

முதல்ல பேரு. பேஷன்னா காதல், வேட்கைன்னு அர்த்தம் பண்ணி இதை ஆண்மைக்கான பழம்னு விற்கிறவங்க இருக்காங்க. அந்த அர்த்தமே இல்லை. இங்கே பேஷன் என்றால் இயேசுவின் பாடுகள். புனித வாரத்தில் கோயிலில் வாசிக்கிறார்களே, திருப்பாடுகள், அதுதான்.

தென் அமெரிக்கா போன ஸ்பானிய பாதிரியார்கள் இந்தக் கொடியின் பூவில் சிலுவைக் கதையையே பார்த்தார்கள். நடுவில் கதிர்போல் விரியும் இழைகள் முள்முடி. மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள். ஐந்து மகரந்தப்பைகள் ஐந்து காயங்கள். இதழும் புல்லிதழும் சேர்த்துப் பத்து, அதாவது யூதாஸையும் பேதுருவையும் கழித்த சீடர்கள்! 1610 வாக்கில் ரோமில் ஜகோமோ போசியோ என்பவர் இந்தப் பூவைப் பற்றி எழுதினார். அதற்கு நூறு வருஷம் கழித்து, அதே இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார்தான் நம்ம அரியலூர் ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ் எழுதிய வீரமாமுனிவர்.

அறிவியல் பேரு வச்சது எங்க ஆளுங்க. 1818-ல் 'பாஸிஃப்ளோரா எடுலிஸ்' என்று பெயரிட்ட ஜான் சிம்ஸ் ஒரு இங்கிலாந்து டாக்டர். எடுலிஸ்னா சாப்பிடத் தகுந்தது. (டாக்டர் எழுதிய பேரு ஒருத்தருக்காவது புரிஞ்சதேன்னு சந்தோஷப்படுங்க.)

இதோட தாய்மண் தெற்கு பிரேசில், பராகுவே, வட அர்ஜென்டினா. பிரேசில்னு சொன்னதும் நமக்கு ஒண்ணு ஞாபகம் வரணும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண்ணில் நிற்கிற முந்திரியும் பிரேசில்காரிதான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. ஒரே நாட்டு விருந்தாளிகள், ஒண்ணு நம்ம ஊரை வளைச்சுப் போட்டது, இன்னொண்ணு வரவே இல்லை. காரணம் சாதாரணம். முந்திரி மழை குறைஞ்சாலும் தாங்கும். கொட்டையைக் காயவச்சு மூட்டை கட்டினா மாசக்கணக்கில் காத்திருக்கும். இந்தக் கொடிக்கு வேர் ஆழம் போகாது, தண்ணி விடாம வேணும், படர ஏதாவது பந்தல் வேணும். பழமோ பறிச்ச சில நாளிலேயே தோல் சுருங்கும்.

ஊதா ரகத்துக்குக் குளிரும் தேவை. அதனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி, குடகு, வயநாடு என்று மலைகளிலேயே நின்றுவிட்டது. அங்கே வேலியிலும் காட்டோரத்திலும் தானாகவே படர்ந்திருக்கும். நீலகிரியில் இதன் பெயர் தாட்பூட் பழம். ஈழத்தில் கொடித்தோடை. மலைக்குப் போனால் பேஷன் ஃப்ரூட் என்று கேட்பதைவிட தாட்பூட் என்று கேட்டுப் பாருங்க.

ஆனா இந்தக் குடும்பத்தில் ஒருத்தி யாரும் கூப்பிடாமலே நம்ம ஊருக்கு வந்துட்டா. சிறுபூனைக்காலி. ஊருக்கு ஊர் பேரு மாறும். கருவேல முள்ளு, வேலி, குப்பைமேடு எதையும் விடாம ஏறியிருக்கும். கசக்கினா நாற்றம் அடிக்கும், அதனாலதான் 1753-ல் லின்னேயஸ் இதுக்கு 'ஃபீட்டிடா'ன்னு பேரு வச்சார் (அவரும் டாக்டர்தான்!). காயைச் சுற்றிப் பிசுபிசுன்னு வலை மாதிரி மூடியிருக்கும், அதில் சின்னப் பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடக்கும். கிராமத்தில் வளர்ந்த பலரும் இதன் பழத்தைச் சாப்பிட்டிருப்பீங்க.

எச்சரிக்கை இதுதான். நல்லாப் பழுத்து மஞ்சள், ஆரஞ்சாக மாறிய பழம் பரவாயில்லை. பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடை வெளிவிடும் பொருட்கள் இருக்கு. கசக்கிற மரவள்ளிக் கிழங்கைச் சாப்பிடாதேன்னு பாட்டி சொல்வாங்களே, அதே வகை விஷம். குழந்தை காயைத் தின்றுவிட்டு வாந்தி, தலைசுற்றல், மூச்சுவாங்கல் என்று வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே 108. இன்னொன்று, பருத்தி, மக்காச்சோள வயல் ஓர வேலியில் மருந்து தெளிச்சிருப்பாங்க. பழுத்ததா இருந்தாலும் அங்கே பறிக்க வேண்டாம்னு பிள்ளைகளிடம் சொல்லி வையுங்க.

சரி, நிஜப் பழம் எங்காவது கண்ணில் பட்டால் எப்படி வாங்குவது? பளபளன்னு இருக்கிறதைப் பொறுக்காதீங்க. கையில் எடுத்தா கனமா இருக்கணும், தோல் லேசா சுருங்கியிருக்கணும், அப்பதான் உள்ளே இனிப்பு ஏறியிருக்கும். கெட்டுப்போச்சுன்னு ஜனங்க ஒதுக்குற பழம்தான் நல்ல பழம். சமவெளி வியாபாரி இதைத் தொட யோசிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். பூஞ்சையும் புளிச்ச வாடையும் இருந்தா மட்டும் வேண்டாம். நிறைய கிடைச்சா சதையை வழிச்சு ஃப்ரீசரில் வச்சிடுங்க.

இவ்வளவு அலையணுமா? 100 கிராம் சதையில் நார்ச்சத்து சுமார் 10 கிராம், அது உண்மையிலேயே அருமை, ஆனா விதையோடு சாப்பிட்டால்தான். வைட்டமின் சி சுமார் 30 மில்லிகிராம். நம்ம தள்ளுவண்டிக் கொய்யாவில் 200-க்கு மேல. வைட்டமின் சி-க்காக இதை ஆன்லைனில் விலை கொடுத்து வாங்குறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கலை. வடிகட்டி சர்க்கரை போட்ட ஜூஸ் சுகர்காரர்களுக்கு எந்த விதத்திலும் நல்லதில்லை. பொட்டாசியம் 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கு. கிட்னி பிரச்சினை உள்ளவங்க, டயாலிசிஸில் இருக்கிறவங்க உங்க டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க. ரப்பர் கையுறை அலர்ஜி இருந்தாலும் கவனம்.

ருசிக்காகத்தான் வேணும்னா, வீட்டிலேயே வளர்க்கலாம். மஞ்சள் ரகம் சமவெளிச் சூட்டைத் தாங்கும், இலங்கையின் தாழ்நிலத்தில் வளர்கிற மாதிரி. ஒரே ஒரு கொடி வச்சா காய்க்காது, அதன் மகரந்தம் அதற்கே சேராது. ஒரே கொடியில் வெட்டின ரெண்டு குச்சியும் ஆகாது; விதையில் முளைச்ச ரெண்டு தனிக் கன்று வேணும். பூ மதியம்தான் விரியும். மகரந்தம் சேர்ப்பது மூங்கிலைத் துளைக்கிற பெரிய கருவண்டு, அதை அடிச்சு விரட்டாதீங்க. வண்டு வரலைன்னா ஒரு பிரஷ்ஷால் ஒரு கொடிப் பூவிலிருந்து எடுத்து அடுத்த கொடிப் பூவில் தடவிவிடுங்க, ராத்திரிக்குள்ள.