தெருக்குட்டிக்கு ஒரு செவிலி வீடு

தமிழில் நாயைப் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என இனப்பெருமை பேசி அமைந்துவிடுகின்றனர். சற்றே பின்னோக்கிச் செல்வோர், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லைச் சுட்டுவர். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கு அக்கல்லில் உருவமும் உண்டு, பெயரும் உண்டு. இனமும் தலைவனும் அற்ற தெருக்குட்டிக்கோ இரண்டும் இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான பகுதி நம் சென்னையில் நிகழ்ந்தது.

வெறிநோய்க்கு அஞ்சித் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தைச் சென்னை மாநகராட்சி 1860-இல் தொடங்கியது என்று புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். 1990-களின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பதும் அவர் தரும் கணக்கே. இத்தனைக்கும் பின்னர் நாய்களும் குறையவில்லை, நோயும் நீங்கவில்லை. ஓரிடத்து நாய்களை அகற்றினால், அங்கே கிடைக்கும் உணவை நாடி வேறு நாய்கள் வந்து சேரும். எஞ்சியவை விரைந்து பெருகும்.

இதற்கு மாற்று ஒரு வீட்டிலிருந்து பிறந்தது. 1959-இல் விமானியான கேப்டன் வி. சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கண்டு தம் இல்லத்துக்கு எடுத்து வந்தார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவரே. அக்குடும்பத்தின் முயற்சியே புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என வளர்ந்தது. கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்யலாம் என்று 1964-இல் அவ்வமைப்பு முன்வைத்த யோசனையை மாநகராட்சி நகர் முழுமைக்கும் ஏற்க 1996 வரை ஆயிற்று. 2001-இல் அதுவே நாடு தழுவிய விதியானது. 2023-இல் புதிய விதிகள் வந்தன.

கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது அவ்விதிகளின் அடிப்படை. வளர்ந்த நாய்க்கு அது பொருந்தும். தாயை வண்டிச் சக்கரத்துக்கு இழந்த ஐந்து வாரக் குட்டியை எந்த இடத்தில் விடுவது? இங்கேதான் இடைக்காலமாகப் பேணும் வீடு தேவைப்படுகிறது.

சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்ட இரயில் பாதையில் உள்ளது எங்கள் வேப்பம்பட்டு. வயல்கள் மனைகளாகிவரும் இவ்வூரில், அத்தகைய ஆண்குட்டி ஒன்றைச் சில வாரம் பேணியபோது, இப்பணி இரக்கத்தால் மட்டும் நிறைவேறுவதன்று என்பதைக் கண்டோம். குடற்புழு மருந்து முதலில். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதம் உயிர்த்திருக்கும் ஆதலால், தடுப்பூசிகள் முடியும் வரை தெருமண்ணில் இறக்கலாகாது.

உடலைக் காப்பது பாதிப் பணியே. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே பின்னாளில் அஞ்சாது ஏற்கும் என்று அமெரிக்க அறிஞர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஆகவே குக்கர் விசிலும், மின்சார இரயிலின் ஓசையும், குழந்தைகளின் கையும், கழுத்துப்பட்டையும் சிறிது சிறிதாக அறிமுகமாக வேண்டும். தனித்திருக்கவும் பழக்க வேண்டும். எப்போதும் நம் மடியிலேயே வளர்ந்த குட்டி, புதுவீட்டின் முதல் இரவில் ஊளையிட்டே மறுநாள் திரும்பி வந்துவிடும்.

ஏற்பவரையும் ஆராய வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளர் இசைகிறாரா? உரிய வயதில் கருத்தடை செய்வாரா? இயலாமற்போனால் தெருவில் விடாமல் எங்களிடமே தருவாரா? 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமும், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது எடுத்தவர் பொறுப்பு என்றது. நாய்க்கடிக்கு அஞ்சுவோரின் அச்சம் பொய்யன்று. அதற்கு விடை கூறும் கடமை நாயை நேசிப்போர்க்கே மிகுதி.

இப்பணியைச் செய்வோர்க்கு நம் மொழியில் பழைய பெயரொன்று உண்டு. அக இலக்கியத்தில் தலைவியை வளர்ப்பவள் செவிலி. அவள் பெற்றவள் அல்லள். வளர்த்த மகள் உடன்போக்கில் சென்றபின் சுரத்திலே தேடித் திரிபவள். தெருக்குட்டியின் செவிலிக்கும் பிரிவு உறுதி. ஆனால் இங்கே அப்பிரிவுக்காகவே வளர்ப்பு நிகழ்கிறது. குட்டி நம்மைத் தேடி ஏங்காமல் புதிய வீட்டில் உண்டு உறங்கினால் நம் பணி நன்கு நடந்தது என்று கொள்ளலாம். பிரிய மனமின்றி ஒவ்வொன்றையும் தாமே வைத்துக்கொள்வோர் வீட்டில் அடுத்த குட்டிக்கு இடமிராது.