விடுமுறைக்குப் பின் சிறு குழந்தைகளின் உறக்க நேரத்தைச் சீராக்குதல்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது, "இரவு பதினொரு மணியானாலும் தூங்குவதில்லை, காலையில் எழுப்பினால் அழுகிறாள்" என்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதுக் குழந்தைகளின் பெற்றோர் புறநோயாளிகள் பிரிவில் கூறுவது வழக்கம். இது பெரும்பாலும் நோயன்று, பிடிவாதமும் அன்று. விடுமுறையில் தாமதமாக உறங்கித் தாமதமாக விழித்ததால் குழந்தையின் உடல் கடிகாரம் பின்தங்கியுள்ளது.

எவ்வளவு உறக்கம் தேவை?

பகல் உறக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1 முதல் 2 வயது வரை 11–14 மணி நேரமும், 3 முதல் 5 வயது வரை 10–13 மணி நேரமும் தேவை. 6 முதல் 12 வயது வரை 9–12 மணி நேரம் போதுமானது.

காலையிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துக் குழந்தையைப் படுக்க வைப்பதுதான் பலரும் செய்வது. இது பலன் தருவதில்லை. பதினொரு மணிக்கு உறங்கிப் பழகிய குழந்தைக்கு, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் அந்நேரத்தில் சுரக்கத் தொடங்கியிராது. குழந்தை புரண்டு கொண்டிருக்கும். அதட்டலும் அழுகையுமாக இரவு கழியும்.

எனவே விழிக்கும் நேரத்தை முதலில் மாற்றுங்கள். எட்டரை மணிக்கு எழும் குழந்தை ஆறரைக்கு எழ வேண்டுமெனில், ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். இதற்கு எட்டுப் படிகள் ஆகும் என்பதால் பத்து நாட்களுக்கு முன்பேனும் தொடங்குவது நல்லது. எழுந்தவுடன் வாசலிலோ மொட்டை மாடியிலோ வெளிச்சத்தில் சிறிது நேரம் விளையாட விடுங்கள். உடல் கடிகாரத்தை முன்னகர்த்துவது காலை வெளிச்சமே. உறங்கும் நேரம் தானாகவே முன்னால் வரும்.

பள்ளி ஏற்கெனவே திறந்துவிட்டதா? அவ்வாறெனில் பள்ளி நேரத்துக்கே எழுப்புங்கள். முதல் சில நாட்கள் சிணுங்கல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் எழுப்புங்கள். பகல் உறக்கத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

இரவில்

உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். வீட்டில் பெரியவர்கள் தொடர் பார்த்துக்கொண்டிருக்கையில் குழந்தை மட்டும் உறங்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. உணவு, பல் துலக்கல், கதை, உறக்கம் என ஒரே வரிசையை நாள்தோறும் பின்பற்றுங்கள். மாலையில் தேநீர், காபி கொடுக்க வேண்டாம். தந்தை பணி முடிந்து இரவு ஒன்பதரைக்கு வருகிறார் என்பதற்காகக் குழந்தையை விழித்திருக்க வைக்கும் வீடுகள் பல. அந்த ஆசை புரிகிறது. ஆயினும் தந்தையும் குழந்தையும் சேர்ந்திருக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றுவதே குழந்தைக்கு நல்லது.

மருந்து கொடுக்காதீர்கள்

உறங்க வைப்பதற்காக வீட்டில் எஞ்சியுள்ள சளி, இருமல் மருந்தைக் கொடுப்பது ஆபத்தானது. அளவு சற்று மிகுந்தாலும் மூச்சுத் தளர்வு, வலிப்பு ஏற்படலாம். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்ற எச்சரிக்கையை மருந்து உறையில் அச்சிடுமாறு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. மெலடோனின் மாத்திரையையும் மருத்துவரின் ஆலோசனையின்றிக் கொடுக்க வேண்டாம். தவறுதலாக மருந்து கொடுத்த பின் குழந்தையை எழுப்ப முடியவில்லையெனில் உடனே 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

இரண்டு, மூன்று வாரங்கள் முயன்றும் மாற்றம் இல்லையெனில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். பெரும்பாலான இரவுகளில் குறட்டை, வாய் வழியாக மூச்சு விடுதல், உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று மீண்டும் வருதல் ஆகியன இருந்தால் அவ்வளவு நாட்கள் காத்திருக்க வேண்டாம். டான்சில் அல்லது அடினாய்டு வீக்கம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இயன்றால் குழந்தை உறங்கும்போது ஒரு நிமிடக் காணொளி எடுத்து வாருங்கள். விழித்திருக்கும் குழந்தையைப் பரிசோதிப்பதைவிட அது எங்களுக்குப் பல நேரங்களில் கூடுதலாக உதவுகிறது.