மருந்தாளுநரின் பணி: என்ன மாறுகிறது, நீங்கள் என்ன கேட்கலாம்?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதிகளில் வாழும் சர்க்கரை நோயாளிகள் பலர் ஒரே இடத்தில் மருந்து பெறுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில மாத்திரைகள், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சில, அவசரத்திற்குத் தெருமுனைக் கடையில் சில என வாங்குகின்றனர். மயங்கிய நிலையில் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வரப்படும் முதியவரின் மருந்துப் பையைத் திறந்தால், கிளிமிபிரைடு என்ற ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் இருப்பதைச் சில வேளைகளில் காண்கிறோம். இரண்டையும் அவர் உட்கொண்டிருப்பார். இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கும்.

இத்தகைய பிழையை மருத்துவருக்கு முன்பே கண்டறியக்கூடியவர் மருந்தாளுநர்.

சட்டம் கூறுவது என்ன?

1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் தகுதி பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு. 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள் அவரது கடமையை மேலும் விரிவாக்கின. மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் முறை, பக்க விளைவுகள், பிற மருந்துகளுடன் ஏற்படும் எதிர்வினை, ஒரு வேளை தவறினால் செய்ய வேண்டியது ஆகியவற்றை அவரே நோயாளிக்கு விளக்க வேண்டும். வெள்ளை மேலங்கியும், பெயரும் பதிவு எண்ணும் கொண்ட அடையாள வில்லையும் அணிந்திருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு.

ஆனால் நடைமுறையில் மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுப்பதோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. வரும் ஆண்டுகளில் மாற வேண்டியது இதுவே.

மாற்றத்தின் திசை

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்த மாத்திரைகள் இல்லத்திற்கே வருகின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. அங்கு மூலப் பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மருந்து கிடைக்கும் வழிகள் பெருகும்போது, ஒரே மருந்து வேறு நிறத்திலும் வேறு பெயரிலும் வந்து சேரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே நோயாளியின் அனைத்து மருந்துகளையும் ஒருசேரப் பார்த்து, ஐயம் எழுந்தால் மருத்துவரைத் தொடர்பு கொள்ளும் பணி மருந்தாளுநருக்கு இன்றியமையாததாகிறது.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல், ஏழு சிறு நோய்களுக்கு மருந்தாளுநரே ஆலோசனையும் தேவையான மருந்தும் வழங்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் அவருக்கு அவ்வாறு பரிந்துரைக்கும் அதிகாரம் இல்லை. குறிப்பாக, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையிலுள்ள ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்பனை விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். சீட்டில்லாமல் தர மறுக்கும் மருந்தாளுநர் உங்களைப் பாதுகாக்கிறார். அவரிடம் சினம் கொள்ளாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• எங்கிருந்து பெற்றதாயினும், எல்லா மருந்துகளையும் ஒரே பையில் எடுத்துச் சென்று மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.
• "இவற்றில் ஒரே மருந்து இரு முறை உள்ளதா?" என்று கேளுங்கள்.
• அட்டையில் வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டுள்ள மூலப் பெயரைப் படிக்கப் பழகுங்கள்.
• சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு இருப்பின், வலி மாத்திரை வாங்கும் முன் அதைத் தெரிவியுங்கள்.
• மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.
• மருந்தால் ஒவ்வாமை அல்லது பாதிப்பு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

எச்சரிக்கை

சர்க்கரை மாத்திரை உட்கொள்பவருக்குத் திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். நினைவுடன் இருப்பின் உடனே சர்க்கரை கலந்த நீர் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது மருந்துப் பையையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.